மானியம் இருக்கு, ஆனா எங்க தேடறது?

"சார், மானியக் கடன் வாங்கித் தர ஒருத்தர் பத்தாயிரம் கேக்குறார், கொடுக்கலாமா?" சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. கொடுக்காதீங்க. அவர் விக்கிறது நீங்க இலவசமா பாக்கக்கூடிய தகவலைத்தான்.

முன்னாடியெல்லாம் திட்டத்தோட பேரும் துறையும் தெரிஞ்சவங்கதான் தேட முடியும். தெரியாதவங்க புரோக்கர்கிட்ட போனாங்க. இதை மாத்தத்தான் மத்திய அரசு 2022 ஜூலையில் 'மை ஸ்கீம்' இணையதளத்தைத் தொடங்கியது. வயசு, மாநிலம், கிராமமா நகரமா, எந்தப் பிரிவுன்னு உங்களைப் பத்திச் சொன்னா போதும். பொருந்தக்கூடிய மத்திய, மாநிலத் திட்டங்களை அதுவே காட்டும்.

ஆனா லிஸ்ட்ல பேர் வந்தா பணம் வந்துட்டதா அர்த்தம் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே (பிஎம்இஜிபி) எடுத்துக்கோங்க. கிராமத்துல ஒரு பெண் 10 லட்சம் ரூபாயில் மரச்செக்கு எண்ணெய் யூனிட் போடுறாங்கன்னு வைங்க. கைக்காசு 5%, அதாவது 50,000. மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35%, அதாவது 3.5 லட்சம். இது கைக்கு வராது! வங்கியில் 3 வருஷம் டெபாசிட்டா இருக்கும். தொழில் ஒழுங்கா நடந்தாதான் கடன்ல கழிப்பாங்க. நல்லவேளை, அந்த 3.5 லட்சத்துக்கு ஈடான கடனுக்கு வட்டி போட மாட்டாங்க.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் இன்னொண்ணு இருக்கு. இந்த மானியம் புதுத் தொழிலுக்குத்தான். "அப்புறம் மானியம் வாங்கிக்கலாம்"னு நகையை அடகு வெச்சு மெஷின் வாங்கி ஓட்ட ஆரம்பிச்சுட்டா, அது ஏற்கெனவே இருக்கிற தொழில் ஆயிடும். 3.5 லட்சமும் போச்சு. இந்த விதி இணையதளத்திலேயே இருக்கு. ஆனா விண்ணப்பிக்க உட்கார்ற அன்னைக்குத்தான் நாம படிக்கிறோம். தேடல் எளிதாகணும்னா, இப்படிப்பட்ட நிபந்தனைகளை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்துல போடணும்ங்கறது என் கருத்து.

மெஷினுக்கு கொட்டேஷன் மட்டும் வாங்கி வைங்க, அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஆன்லைன் சிரமமா இருந்தா, உங்க மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரா போங்க. தமிழ்நாடு அரசோட நீட்ஸ், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பத்தியும் அங்கேயே கேளுங்க. உங்களுக்கு அதுல கூடுதலா கிடைக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஆதார், சாதிச் சான்று, கொட்டேஷன் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.