எரர் மெமரி வந்தா உடனே ரீசெட் பண்ணாதீங்க

2004-ல் வந்த டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர்ல நாமளே புரோகிராம் எழுதி ஓட்டலாம். சீனியர் கைமாத்தி விட்ட பழைய பீஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒருநாள் ஸ்கிரீன்ல ‘எரர்: மெமரி’ வந்தே தீரும். உடனே எல்லாரும் தேடிப் போறது ரீசெட். அதுல ‘ஆல் ரேம்’ கொடுத்தா, ஆர்க்கைவ் பண்ணாத அத்தனை புரோகிராமும் காலி. திரும்ப எடுக்க வழியே இல்லை.

மொதல்ல செகண்ட் கீ, அப்புறம் பிளஸ். மெமரி மெனு வரும். அதில் 2-ஐ அழுத்தினா ரேம் எவ்வளவு மிச்சம், எது எத்தனை பைட் பிடிச்சிருக்குன்னு தெரியும். நம்ம கைக்குக் கிடைக்கிற ரேம் மொத்தமே சுமார் 24,000 பைட்தான். லிஸ்ட்ல ஒரு சாதாரண எண்ணுக்கு 9 பைட். 999 எண் உள்ள லிஸ்ட் ஒண்ணு கிட்டத்தட்ட 9,000 பைட்டை விழுங்கிடும். அப்படி மூணு லிஸ்ட் உள்ள போகவே போகாது. பழைய லேப் ரீடிங் லிஸ்டைத் தேடி டெலிட் பண்ணாலே பாதி பேருக்குப் பிரச்சினை தீர்ந்துடும்.

இன்னொரு வகைதான் ஆளைச் சுத்தல்ல விடும். புரோகிராம் நல்லா ஓடும், ரெண்டு நிமிஷம் கழிச்சு எரர் வரும். வெளியே வந்து பார்த்தா ரேம் நிறையவே காலியா இருக்கும்! இங்கே தப்பு டேட்டாவில் இல்லை, கோட்டூவில். ‘இஃப்–தென்’ அல்லது ‘ஃபார்’, ‘வைல்’ உள்ளே நுழையும்போது, அதோட ‘எண்ட்’ எப்போ வரும்னு கால்குலேட்டர் ரேம்ல ஒரு குறிப்பு போட்டு வெச்சுக்கும். எண்ட் வந்தாதான் அந்தக் குறிப்பை அழிக்கும். நடுவுல கோட்டூ போட்டு வெளியே குதிச்சா எண்டே வராது, குறிப்பு அப்படியே தங்கிடும். கீ அழுத்துறதுக்காகக் காத்திருக்கிற இடத்துல இப்படி எழுதியிருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குறிப்பு சேரும். புரோகிராம் நின்னதும் எல்லாம் அழிஞ்சிடும், அதனாலதான் அப்புறம் பார்த்தா தடயமே இருக்காது. கோட்டூ மட்டும் போடணும்னா ‘தென்’ இல்லாத வெறும் ‘இஃப்’ போதும். அதைவிட ‘ரிப்பீட்’ லூப்ல மாத்தி எழுதுறது சுத்தம்.

முக்கியமான புரோகிராமை ஆர்க்கைவுக்கு மாத்தி வைங்க. அதே லிஸ்ட்ல பேர் மேல நின்னு என்டர் தட்டினா பக்கத்துல நட்சத்திரக் குறி விழும். அது ஃபிளாஷ் மெமரி. பேட்டரி செத்தாலும் போகாது. ஆனா அங்கிருந்தே ஓட்ட முடியாது, ரேமுக்குத் திருப்பிக் கொண்டு வரணும், அதுக்கும் ரேம்ல இடம் வேணும்.

ஆர்க்கைவ்ல டெலிட் பண்ணது உடனே இடத்தை விடாது. ஃபிளாஷைப் பெரிய பெரிய பகுதியாத்தான் அழிக்க முடியும். ‘கார்பேஜ் கலெக்ட்?’னு கேட்டா பயப்படாம யெஸ் கொடுங்க. அது முடியுற வரைக்கும் பேட்டரியை மட்டும் கழட்டாதீங்க.