சூதாடியவருக்குச் சட்டம் உண்டு, ஆட்டத்தை விற்றவருக்கு?

மும்பையின் மட்கா சூதாட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது பருத்தி. நியூயார்க் பருத்திச் சந்தை என்ன விலையில் திறந்தது, என்ன விலையில் முடிந்தது என்று தந்தி வரும். அந்த எண்கள் மீது பம்பாயில் பணம் கட்டுவார்கள். 1961-ல் அந்த வழி அடைபட்டது. எண் வரும் ஊற்று வற்றியதும் ஆடியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1962-ல் கல்யாண்ஜி பகத் வொர்லியில் தாமே எண் எடுக்கத் தொடங்கினார். 1964-ல் ரத்தன் கத்ரி 'நியூ வொர்லி மட்கா'வைத் தொடங்கினார். எண் எழுதிய சீட்டுகளைப் பானையில் போட்டு எடுத்ததால் மட்கா என்ற பெயர் வந்தது. பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மில் தொழிலாளியும், தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரரும் 'ஓப்பன்', 'க்ளோஸ்' என்று பேசிப் பழகியது அந்தக் காலத்தில்தான். ஒற்றை எண் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது, ஜோடி விழுந்தால் ஒன்றுக்குத் தொண்ணூறு. தொழில் சட்டவிரோதம். ஆனாலும் நாணயம் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான். கத்ரி எல்லோர் கண்முன்னால் எண் எடுக்க வைப்பார், பணம் கட்டியவர்களையே எடுக்கச் சொல்வார் என்ற பேச்சுதான் அவருக்கு முதல். எடுக்கிற எண்ணில் கள்ளம் இல்லை என்று சனம் நம்பிய வரைக்கும் பானை நிறைந்தது.

போலீஸ் கையில் இருந்தது 1887-ம் ஆண்டின் பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டம். விடுதி நடத்துபவர், அங்கே உட்கார்ந்து ஆடுபவர், சீட்டு எழுதுபவர் என்று ஆளைப் பிடித்து அடைக்க அது போதுமானதாக இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கத்ரியே 19 மாதம் சிறையில் இருந்தார். தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் கள்ளச்சாராயத்தோடு சூதாட்டத்தையும் தம் பிடியில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட வரதராஜ முதலியார், 80-களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் கொடுத்த நெருக்கடியில் ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய், 1988-ல் அங்கேயே காலமானார். 1982 மில் வேலைநிறுத்தம் தொழிலாளியின் சம்பளத்தையே பறித்தது. மட்கா தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் கிரிக்கெட் வந்து உட்கார்ந்தது.

மைதானத்தில் பணம் இல்லாத காலம்

மாட்டுங்காவின் தாட்கர் மைதானம் தாதர் யூனியன் சங்கத்தின் களம். சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் அந்தச் சங்கத்துக்கு ஆடியவர்கள். 1948-ல் தொடங்கிய காங்கா லீக் கொட்டும் மழைக்காலத்தில், சேற்றில் நடக்கும். அதில் ஆடியவருக்குக் கிடைத்தது பெயர். அதிகம் போனால் ஒரு வங்கியிலோ டாடா போன்ற நிறுவனத்திலோ வேலை. அந்த ஆட்டத்தை விலைக்கு வாங்க யாரும் வரவில்லை, வாங்கி லாபம் பார்க்கவும் வழியில்லை. ஆட்டத்தை விற்பது தனிக் குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்கும் தேவை அன்று யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

90-களில் தொலைக்காட்சி ஒவ்வொரு பந்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பந்தயம் பிடிக்கும் புக்கிகள் வாடகை அறைகளில் தொலைபேசிகளை அடுக்கி உட்கார்ந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் 'பாவ்' என்ற பந்தய விலை ஏறி இறங்கியது. ஒரு பெட்டி என்றால் லட்சம், ஒரு கோகா என்றால் கோடி. மட்காவில் விழும் எண்ணை யாராலும் மாற்ற முடியாது என்ற நம்பிக்கையில்தான் பணம் புரண்டது. கிரிக்கெட்டில் முடிவை மாற்றக்கூடிய மனிதர்கள் களத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு விலை பேசத் தொடங்கியதுதான் புதுத் தொழில்.

1996 டிசம்பரில் மொஹிந்தர் அமர்நாத்துக்கு நிதி திரட்ட வான்கடே மைதானத்தில் ஒரு ஆட்டம் நடந்தது. அதில் தோற்றுக் கொடுத்தால் இரண்டரை லட்சம் டாலர் என்ற பேரத்தைத் தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்சி குரோனியே மும்பையில் தம் அணியின் கூட்டத்திலேயே வைத்தார். அணி மறுத்துவிட்டது. இதன் முழு விவரம் வெளியே வந்தது 2000-ல், டெல்லி போலீஸ் ஒரு தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்ட பிறகுதான். அதற்கு முன்பே, 1997-ல், மும்பையில் தலைமையகம் கொண்ட பிசிசிஐ, முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டை வைத்து ஒரு விசாரணை நடத்தி, பெரிதாக ஒன்றும் இல்லை என்று கோப்பை மூடியிருந்தது.

2000-ன் கடைசியில் சிபிஐ அறிக்கை வந்தது. இந்திய வீரர்கள் முகமது அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் வாழ்நாள் தடை. அஜய் ஜடேஜாவுக்கும் மனோஜ் பிரபாகருக்கும் ஐந்தாண்டுத் தடை. எல்லாமே வாரியம் கொடுத்த தண்டனைகள். இந்த மாதிரிச் செயலுக்கு நேராகப் பொருந்தும் குற்றப் பிரிவு சட்டத்தில் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அசாருதீன் மீதான தடையை ஆந்திர உயர் நீதிமன்றம் 2012-ல் செல்லாது என்றது. குரோனியே வழக்கில் தேடப்பட்ட சஞ்சீவ் சாவ்லாவை லண்டனிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவர 2020 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு ஓவர் போதும்

முழு ஆட்டத்தையும் விலைக்கு வாங்க நாலைந்து பேரை வளைக்க வேண்டும். 'செஷன்' பந்தயம் அந்தச் சிரமத்தைப் போக்கியது. ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம், இந்த ஓவரில் எத்தனை என்று பணம் கட்டும்போது ஒரே ஒரு பந்துவீச்சாளர் கிடைத்தால் போதும். அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த ஓவர் விற்றுப்போயிருக்கும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

2013 மே 15 இரவு வான்கடேயில் ஐபிஎல் ஆட்டத்தில் ராஜஸ்தான் அணி மும்பையோடு ஆடி முடித்த கையோடு, டெல்லி போலீஸ் மும்பையில் ராஜஸ்தான் வீரர்கள் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, மும்பைச் சுழற்பந்து வீச்சாளர் அங்கித் சவான் மூவரையும் கைது செய்தது. இடுப்பில் துண்டு செருகுவது, கைப்பட்டையைச் சுழற்றுவது எல்லாம் புக்கிக்குக் கொடுத்த சமிக்ஞை என்றது போலீஸ். சொன்ன தொகை ஸ்ரீசாந்துக்கு 40 லட்சம், சவானுக்கு 60 லட்சம். ஒரு வாரம் கழித்து, மும்பை போலீஸ் நடிகர் விந்து தாராசிங்கையும், மே 24 இரவு சென்னை அணியின் குருநாத் மெய்யப்பனையும் கைது செய்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மஞ்சள் சட்டை போட்டு ஆட்டம் பார்த்த தமிழ் வீடுகளில் அந்த வாரம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே மாறிப்போனது.

வழக்கு நிற்க வேண்டுமே! ஏமாற்றுக்கான 420-ம் பிரிவும் சதிக்கான 120பி-யும் பற்றாது என்று, மும்பை நிழலுலகக் கும்பல்களுக்காக மகாராஷ்டிரம் 1999-ல் கொண்டுவந்த மோக்கா சட்டத்தையும் டெல்லி போலீஸ் சேர்த்துப் போட்டது. 2015 ஜூலை 25-ல் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் 36 பேரையும் விடுவித்தது. மோக்கா பொருந்தவில்லை, ஆட்ட மோசடிக்கென்று தனிச் சட்டமும் நாட்டில் இல்லை. அதே மாதம் 14-ம் தேதி, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டு நிறுத்திவைத்து, மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ராவுக்கும் வாழ்நாள் தடை விதித்திருந்தது. கிரிக்கெட் நிர்வாகத்தின் வழியில் தண்டனை கிடைத்தது, குற்றவியல் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை.

கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் 2022 ஜனவரி 10-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் இதை இன்னும் நேராகவே சொன்னது. ஆட்டம் விற்கப்பட்டதென்றால் ரசிகர் ஏமாந்ததாக உணரலாம். ஆனால் அவர் டிக்கெட்டைத் தாமாக வாங்கினார். யாரும் ஆசைகாட்டி வாங்கவைக்கவில்லை. ஆகவே 420 பொருந்தாது, வாரியம் வேண்டுமானால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கட்டும். நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. எழுதப்படாத குற்றத்துக்கு நீதிபதி தண்டனை கொடுக்க முடியாது.

பானை போய்ச் செயலி

இன்று சீட்டு எழுத ஆள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு 'ஐடி' கிடைக்கிறது, யுபிஐ-யில் பணம் போகிறது, அடுத்த பந்துக்கே பந்தயம் கட்டலாம். 2023 நவம்பரில், நீதிமன்ற உத்தரவின் பேரில் மாட்டுங்கா காவல் நிலையத்தில் மகாதேவ் செயலி தொடர்பாக 32 பேர் மீது வழக்குப் பதிவானது. புகாரில் சொன்ன மோசடித் தொகை சுமார் 15,000 கோடி ரூபாய். மட்கா காலத்தில் அந்த வட்டாரத்துப் போலீஸ் சில்லறையும் சீட்டும் எண்ணிக் கைப்பற்றிய நிலை எங்கே, ஐந்திலக்கக் கோடி எங்கே!

சட்டமும் சும்மா இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ம் பிரிவு, கும்பலில் ஒருவராக இருந்துகொண்டு அனுமதியில்லாத பந்தயமோ சூதாட்டமோ நடத்துபவருக்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் செயலிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இந்திய அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் மறைந்தது. அதே மாதம் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சங்கங்களின் நிர்வாகத்தையும் தகராறுகளையும் ஒழுங்குபடுத்துகிறது. இத்தனை சட்டத்திலும், காசு வாங்கிக்கொண்டு நோ-பால் போடுபவருக்கு என்ன தண்டனை என்று தேடினால் ஒரு வரி கிடையாது. தாராவிச் சந்தில் பந்தயம் பிடிக்கும் பையனுக்கு ஏழாண்டு வரை காத்திருக்கிறது. உடை மாற்றும் அறையில் ஆட்டத்தை விற்பவருக்கு மிஞ்சினால் வாரியத்தின் கடிதம்.

முடியாத காரியமா?

பம்பாயிலேயே முன்னுதாரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மழை பெய்யுமா பெய்யாதா என்று இங்கே பெருந்தொகை பந்தயம் கட்டுவார்கள். அது 1887 சட்டத்துக்குள் வராது என்று 1889-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே, 1890-ல், சட்டத்தைத் திருத்தி மழைப் பந்தயத்தையும் உள்ளே கொண்டுவந்தது வெள்ளைக்கார அரசு. ஓட்டை தெரிந்ததும் ஓராண்டில் அடைத்தார்கள். கிரிக்கெட்டில் ஓட்டை தெரிந்து கால் நூற்றாண்டு ஆகிறது.

வரைவுகளுக்குப் பஞ்சமில்லை. 2013-ல் விளையாட்டு அமைச்சகம் ஒரு மசோதா எழுதியது. 2016-ல் அனுராக் தாக்கூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பந்தயத்தை முறைப்படுத்து, ஆட்ட மோசடியைக் குற்றமாக்கு என்று 2016 ஜனவரியில் லோதா குழுவும், ஆட்ட மோசடிக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று 2018 ஜூலையில் சட்ட ஆணையத்தின் 276-வது அறிக்கையும் சொல்லின. எதுவும் சட்டமாகவில்லை.

அண்டை வீட்டைப் பார்க்கலாம். இலங்கை 2019 நவம்பரில் விளையாட்டுக் குற்றங்களுக்கென்றே சட்டம் போட்டது: பத்தாண்டு வரை சிறை, பத்துக் கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம். முன்னாள் பந்துவீச்சாளர் சசித்ர சேனநாயக்க 2023-ல் கைதானார். இங்கிலாந்தில் 2010 லார்ட்ஸ் ஆட்டத்தில் காசுக்கு நோ-பால் போட்ட வழக்கில் பாகிஸ்தான் வீரர்கள் சல்மான் பட், ஆசிப், ஆமிர் மூவரும் 2011-ல் சிறைக்கே போனார்கள். சூதாட்டத்தில் ஏமாற்றுவது அங்கே 2005-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி தனிக் குற்றம் என்பதுதான் காரணம். டெல்லியில் 36 பேர் வெளியே வந்ததற்கும் லண்டனில் மூவர் உள்ளே போனதற்கும் இடையே அந்த ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது.

வேண்டிய சட்டம் நீளமானதும் இல்லை. ஆட்டத்தின் முடிவையோ, அதன் ஒரு பகுதியையோ பணத்துக்கு மாற்றுவதும், மாற்றச் சொல்லிப் பணம் கொடுப்பதும், அணியின் உள்தகவலை விற்பதும் குற்றம். வீரர், நடுவர், ஆடுகளம் தயாரிப்பவர், அணி உரிமையாளர் யாருக்கும் விலக்கு இல்லை. பேரம் வந்ததைச் சொல்லும் இளம் வீரருக்குப் பாதுகாப்பு. இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும்.

விளையாட்டும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கும்பல் குற்றத்துக்கு மோக்கா என்று வழிகாட்டிய மகாராஷ்டிரம், ஐபிஎல்லின் தலைநகரை வைத்துக்கொண்டு இதில் பின்தங்குவதற்கு நியாயம் கிடையாது. இணையச் சூதாட்டத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகும் மறுபடி நிறைவேற்றி 2023-ல் சட்டமாக்கிய தமிழ்நாடு, சொந்தமாக ஒரு பிரீமியர் லீக்கும் வைத்திருக்கிறது. மும்பை தயங்கினால் சென்னை முந்தட்டும்.