பிரசவத்துக்குப் பின் வரும் படபடப்பு

"பிள்ளை பெத்த உடம்பு, கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்!" பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண் எதைச் சொன்னாலும் பெரியவர்கள் தரும் பதில் இது. பெரும்பாலும் சரிதான். ஆனால் எப்போதும் அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் தூக்கம். கால்கள் வீங்கியிருந்தன. "நெஞ்சுக்குள்ளே குதிரை ஓடற மாதிரி இருக்கும்மா" என்பாள். ரத்த சோகை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் சமையலறையில் கண் இருட்டி விழுந்த பிறகுதான் இ.சி.ஜி. எடுத்தார்கள்.

இதயத் தசையே தளர்ந்துபோகும் நோய் இது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமான 5 மாதத்துக்குள் வருவது என்று 1971-ல் அமெரிக்க டாக்டர்கள் வரையறுத்தார்கள். அதற்கு முன் இதயக் கோளாறே இல்லாத பெண்ணுக்கும் வரும்.

தளர்ந்த இதயம் விரியும்போது, அதைத் துடிக்க வைக்கும் மின்சாரமும் ஒழுங்கு தவறுகிறது. மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், ரத்தம் தேங்கி உறையலாம்; அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கீழறைகள் தறிகெட்டு ஓடினால் மயக்கம், சில சமயம் உயிருக்கே ஆபத்து.

எக்கோ பரிசோதனையில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று தெரியும். இந்த நோயில் அது வழக்கமாக 45 சதவீதத்துக்கும் கீழே. இ.சி.ஜி.யோ சில விநாடிப் பதிவுதான். வந்து வந்து போகும் படபடப்பு அதில் சிக்காவிட்டால், 24 மணி நேரம் உடம்போடு இருக்கும் 'ஹோல்டர்' கருவியைப் பொருத்துவார்கள். எத்தனை மணிக்குப் படபடத்தது என்று ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

தறிகெட்ட துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவியை நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கலாம். ஆனால் அவசரப்பட்டு வைப்பதில்லை. மருந்திலேயே பலருக்கு ஆறு மாதத்துக்குள் தசை தேறிவிடுகிறது. அதுவரை ஆபத்து அதிகமுள்ள சிலருக்கு, உள்சட்டை போல அணியும் கருவியும் உண்டு. உடம்பு தேறியாச்சே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தசை முழுதாகத் தேறாதவர்களுக்கு அடுத்த கர்ப்பம் மிகவும் ஆபத்து. தேறியவர்களுக்கும் நோய் திரும்பலாம்.

அந்தப் பெண்ணின் குழந்தை இப்போது நடக்கிறது. "அடுத்தது எப்போடி?" என்று மாமியார் ஆரம்பித்தாராம். "எக்கோ பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும் அத்தை" என்றாளாம் இவள்.