டிரையல் மதிப்பெண் தீர்ப்பல்ல

பகாவ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எஸ்பிஎம் டிரையல் தேர்வுத் தாள்கள் திரும்பி வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. கூடுதல் கணிதத்தில் எனக்கு 28. என் நண்பனுக்கு வரலாற்றில் ‘ஜி’, அதாவது தோல்வி. அன்று பள்ளிப் பேருந்தில் இருவரும் பேசவே இல்லை.

குலை வெட்டிக் களைத்து வந்த அப்பாவிடம் மதிப்பெண்ணைச் சொன்னேன். “சரி, பெரிய பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?” என்று மட்டும் கேட்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது.

இரவு தாளை மீண்டும் எடுத்தேன். தெரியாததால் இழந்த மதிப்பெண்களைச் சிவப்பு மையால் குறித்தேன். தெரிந்தும் அவசரத்தில் பிழை செய்தவற்றுக்கு நீலம். நேரம் போதாமல் தொடாமலே விட்டவற்றுக்குப் பச்சை. எண்ணிப் பார்த்தால், நீலமும் பச்சையும் சேர்ந்து சிவப்பைவிட அதிகம்! எனக்குக் கணிதம் வராது என்பது பொய். கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகவில்லை என்பதே உண்மை. அதன்பின் வாரம் ஒரு பழைய தாளை முழு நேரம் உட்கார்ந்து எழுதினேன். சிவப்புக் கேள்விகளை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். எஸ்பிஎம்மில் ‘பி’ கிடைத்தது.

நண்பனோ, “வரலாறு எனக்கு ஏறாதுடா” என்று புத்தகத்தை மூடிவிட்டான். மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கும். வரலாற்றுக்கு இந்த விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. மற்றப் பாடங்களில் தேறியும் அவனுக்குச் சான்றிதழ் இல்லை. மறுதேர்வு எழுதித்தான் பெற்றான். டிரையலில் வாங்கிய ‘ஜி’ அல்ல, அதற்குப் பிறகு மூடிய புத்தகமே அவனுடைய ஓர் ஆண்டைக் கொண்டுபோனது.

அப்படியானால் டிரையல் மதிப்பெண் எதற்குப் பயன்படும்? சில தனியார் கல்லூரிகள் அதைப் பார்த்துத் தற்காலிக இடம் தருகின்றன. ஆனால் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் ஆகியவற்றுக்கு எஸ்பிஎம் முடிவே கணக்கு. பின்னர் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. டிரையலுக்கு அங்கே இடமே இல்லை.

ஆறாம் படிவம் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012 முதல் எஸ்டிபிஎம் மூன்று தவணைகளாக நடக்கிறது. அதன் முதல் தவணை டிரையல் அல்ல. அதன் மதிப்பெண்ணும் இறுதி முடிவில் சேரும்.

மாணவர்களே, ஐந்தாம் படிவ டிரையல்வரை காத்திருக்காதீர்கள். நான்காம் படிவத்து அரையாண்டுத் தேர்விலேயே இந்த மூன்று மை வேலையைத் தொடங்குங்கள். அடுத்த தாள் கைக்கு வந்ததும், தம்பி தங்கைகளே, எண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்காதீர்கள். எங்கே இழந்தோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.