நாளைய தொலைத்தொடர்பும் நமது கடைமடையும்

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் நமக்கு நீர் நிர்வாகத்தின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கால்வாயில் நீர் எவ்வளவு ஓடினாலும், மதகுகளை முறையாகத் திறந்து மூடாவிட்டால் பேராவூரணிப் பக்கத்து வயல்களுக்கு வந்து சேராது. தொலைத்தொடர்பும் ஒருவகைப் பாசனமே. நீருக்குப் பதிலாக அங்கே செய்தி ஓடுகிறது.

முற்காலத்தில் இணைப்பகத்தில் அமர்ந்திருந்த பெண்மணிகள் கையால் கம்பிகளைச் செருகி இணைப்புக் கொடுத்தனர். பின்னர் அப்பணியை யந்திரங்கள் ஏற்றன. 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘சி-டாட்’ என்னும் நமது அரசின் ஆய்வு நிறுவனம், 128 இணைப்புகள் கொண்ட கிராமப்புறத் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கியது. குளிர்சாதன வசதியின்றியே இயங்கியது அதன் தனிச்சிறப்பு. சிற்றூர்களைத் தொலைபேசி எட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இனி வருவது என்ன? நம் நாட்டில் 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. இம்முறையில் ஒரே வலையமைப்பை, வரப்புக் கட்டிய வயலைப் போல, மென்பொருளால் பல பாத்திகளாகப் பிரிக்க வழியுண்டு. மருத்துவமனைக்கு ஒரு பாத்தி, தீயணைப்புப் படைக்கு ஒன்று, திரைப்படம் பார்ப்போருக்கு மற்றொன்று. ஒன்றில் நெரிசல் மிகுந்தாலும் மற்றவை தடைபடா. வலை முழுவதையும் ஓரிடத்திலிருந்தே கவனித்து, அடைபட்ட பாதையை விடுத்து வேறு பாதையில் செய்தியைத் திருப்பிவிடவும் மென்பொருளால் இயலும்.

எனினும், மதகு எத்தனை நேர்த்தியாயினும் கரை உடைந்தால் நீர் வராது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதை நமக்குக் காட்டியது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரமின்றிக் கைப்பேசிக் கோபுரங்கள் பல ஊமையாயின. வெளியூரிலிருந்த பிள்ளைகளுக்கு, “உயிரோடு இருக்கிறோம்” என்று சொல்லவும் பலருக்கு வழியில்லாமற் போயிற்று.

ஆகவே நாளைய வலையமைப்புக்கு மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை. கோபுரங்களில் பல நாள் தாங்கும் மின்கலமும் டீசலும் இருத்தல் வேண்டும். ஒரு கம்பெனியின் கோபுரம் ஓய்ந்தால் மற்றொரு கம்பெனியின் கோபுரம் அழைப்பை ஏற்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஆம்புலன்சு அழைப்புக்கே முதலிடம் என்பதை முன்கூட்டியே விதியாக்க வேண்டும். முறை வைத்து நீர் விடுவதைப் போன்றதே இது. அம்முறையை யந்திரம் தானாக வகுப்பதில்லை. மனிதர்களே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அன்புத் தோழியரே! இத்துறையைக் கற்க நம்மிலும் சிலர் முன்வருவோமாக. கடைமடையின் தாகம் அறிந்தவர் மதகடியில் இருந்தால், கடைசி வயலும் நனையும்.