உடைந்த கதிரையும் ஒரு மரமுளையும்

எம்மவர் பலருடைய வீட்டின் முதற் கதிரை கடையில் வாங்கப்பட்டதன்று, தெருவோரத்தில் எடுக்கப்பட்டது. ஜேர்மனிய நகரங்களில் வேண்டாத தளபாடங்களை, அகற்றும் நாளுக்கு முன்பாக வீதியோரத்தில் வைத்துவிடுவர். 2010 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவ்வாறு கிடந்த நான்கு கதிரைகளை நாமும் சுமந்து வந்தோம். தஞ்சம் கோருவோர் முதல் ஓராண்டுக்கு வேலை செய்ய அனுமதிக்கப்படாத காலம் அது. விரிவுரை மண்டபத்தில் வெண்கட்டி பிடித்த கைகள் வெறுமனே மடியில் கிடந்தன.

குளிர்காலம் முடியுமுன் கதிரைகளின் கால்கள் ஆடத் தொடங்கின. வெப்பமூட்டி அறைக் காற்றை உலர்த்தும். உலரும் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். பொருத்துகளினுள் இருந்த மரமுளைகள் மெலிந்து, பசையும் விட்டுப்போயிருந்தது. ஒரு கதிரைக்கு இரும்பாணி அறைந்தோம், கால் வெடித்தது. மற்றொன்றுக்குக் கடையில் உருளைக் குச்சி வாங்கி, வெட்டிச் செருகினோம். பாரம் ஏறியதும் முறிந்தது.

அயலில் வசித்த முதிய தச்சர் ஒருவர் அம்முறிவை எமக்குக் காட்டினார். குச்சியின் இழை சாய்வாக ஓடி, பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. அறுக்கும் வாள் தன் வழியே செல்லும்; பிளவோ இழையின் வழியே செல்லும். இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாது ஓடினால்தான் முளை பாரம் தாங்கும். இந்நாட்டின் பழைய மரச்சட்ட வீடுகளை நூற்றாண்டுகளாகப் பிணைத்து நிற்பவை ஓக் மர முளைகளே என்பதையும் அவர் சொன்னார்.

முளை செய்வதற்கு நிலவறையின் ஒரு மூலை போதும். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டில் 12, 10, 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகளை இடவேண்டும். இறுதித் துளையை, கதிரையைத் துளைக்கப்போகும் அதே அலகினால் இட்டால் அளவு பிசகாது. துளையின் மேல்விளிம்பு கூராக இருத்தல் அவசியம்; வெட்டுவது அதுவே. முடிச்சற்ற, நன்கு உலர்ந்த ஓக் அல்லது பீச் மரத்துண்டை உளி வைத்துப் பிளந்து, முதற் துளையைவிடச் சற்றுப் பருமனான குச்சிகளாக்குக. முனையைப் பென்சில்போலச் சீவி, மூலைகளை மழித்து, பெரிய துளையிலிருந்து சிறியதுவரை ஒவ்வொன்றாக அடித்து இறக்குக. அவசரப்பட்டு நேரே சிறிய துளையில் அடித்தால் குச்சி சிதறும்.

முளையின் விட்டம், கட்டையின் தடிப்பில் மூன்றிலொன்றுக்கும் அரைவாசிக்கும் இடையில் இருப்பது நன்று. செய்த முளைகளை வெப்பமூட்டியின் மேல் ஓரிரு நாள் உலரவிடுக. நீர்கலந்த மரப்பசையின் ஈரத்தை உறிஞ்சி அவை பருத்து இறுகும். நீளவாட்டில் ஒரு சிறு பள்ளம் கீறுவதை மறக்கலாகாது. அதன் வழியே காற்றும் மிகுபசையும் வெளியேறாவிடின் கட்டையே வெடிக்கக்கூடும். பழைய முளையின் எச்சத்தையும் பசையையும் முற்றாக நீக்கி, முளையைவிட 2 மில்லிமீற்றர் ஆழமாகத் துளையிட்டு, பசை காயும்வரை கயிற்றால் இறுக்கிக் கட்டுக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுத்தியலைத் தொடவேண்டாம். இங்கு அது அமைதி நாள், அயலவர் பொறுக்கமாட்டார்.

நான்கில் மூன்று கதிரைகள் இன்றும் எமது மேசையைச் சுற்றி நிற்கின்றன. ஆணி அறைந்ததை மீட்க முடியவில்லை. அவற்றில் அமர்ந்து எழுதப் பழகிய எமது மகள் அண்மையில் ஒரு முளையைத் தானே அடித்து இறக்கினாள். கால் ஆடுகிறதென்று வீதியோரக் கதிரையைக் கடந்து போகாதீர்கள். பெரும்பாலும் பழுதாகியிருப்பது உள்ளிருக்கும் முளை மட்டுமே.