கறையானும் எறும்பும்

கரும்பு நட்டுச் சில வாரங்களாகியும் கரணைகள் முளையாதிருக்கக் கண்ட குடியானவர் ஒன்றைத் தோண்டிப் பார்க்கிறார். மேல்தோல் மட்டும் எஞ்சி, உள்ளே மண் நிரம்பியிருக்கிறது. பக்கத்தில் எறும்புகள் ஊர்கின்றன. அவையே கரணையைத் தின்றன எனத் துணிந்து, எறும்பு வளைகளில் மருந்தைக் கொட்டுகிறார். தின்ற கறையானோ மண்ணுக்குள் சௌக்கியமாய் இருக்கிறது. மருந்து வீணானதோடு, கறையானைப் பிடித்துண்ணும் எறும்பும் அழிந்துபோகிறது.

இம்மயக்கத்திற்குப் பெயரும் ஒரு காரணமாகும். ஆங்கிலேயர் கறையானை வெள்ளை எறும்பு என வழங்கினர். தமிழிலும் சிலர் அவ்வாறே எழுதலாயினர். தரங்கம்பாடியிலிருந்த வைத்தியர் கோனிக் என்பார், 1779-ல் ஜெர்மன் பாஷையில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, ‘வெள்ளை எறும்பு எனப்படுவது’ என்று ஐயந்தோன்றக் குறித்தார். அவர் ஐயம் நியாயமானதே.

எறும்பு, குளவி தேனீக்களின் வர்க்கத்தைச் சேர்ந்தது. கறையான், கரப்பான் பூச்சியின் வர்க்கத்தைச் சேர்ந்தது. 2007-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி இதனை உறுதிப்படுத்திற்று. மட்கிய மரத்தினுள் குடும்பமாய் வாழும் ஒருவகைக் கரப்பானின் குடலிலும், சிலவகைக் கறையான்களின் குடலிலும், மரத்தைச் செரிக்க உதவும் ஒத்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கூட்டமாய் வாழும் ஒழுக்கம் எறும்புக்கும் கறையானுக்கும் தனித்தனியே உண்டாயது. பறப்பதனால் வௌவால் பறவையாகிவிடாததைப் போன்றதே இதுவும்.

இரண்டையும் கண்ணால் அறிவது எளிது. எறும்புக்கு இடை மிக ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். கறையானுக்கு இடை ஒடுங்குவதில்லை; உணர்கொம்பு மணிகோத்தாற்போல் நேராயிருக்கும். மழைக்குப்பின் பறக்கும் ஈசல் கறையானே. அதன் நான்கு இறகுகளும் ஏறக்குறைய ஒரே அளவின. சிறகுள்ள எறும்பிற்கோ முன்னிறகு பெரிது, பின்னிறகு சிறிது.

வளர்ச்சியும் வேறு. எறும்பு முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் நிலைகளைக் கடந்து எறும்பாகிறது. கறையான் குஞ்சோ பொரித்தபோதே பெரியதன் சாயலுடையது. எறும்புகளுள் வேலை செய்வன யாவும் பெண். ஆண் புணர்ச்சிக்குப்பின் இறந்துவிடும். கறையான்களுள் இருபாலும் வேலை செய்யும். அரசனும் இராணியுடன் புற்றிலேயே வாழும்.

ஆகாரத்திலேயே குடியானவர் கருத்தைச் செலுத்தல் வேண்டும். எறும்பு தானியம், இனிப்பு, பிற பூச்சிகள் ஆகியவற்றை நாடும். கறையான் மரம், சருகு, வைக்கோல் முதலிய நார்ப்பொருளை நாடும். நம் நாட்டில் புற்றெழுப்பும் கறையான், தான் தின்றதைக்கொண்டு புற்றினுள் ஒருவகைக் காளானைப் பயிரிட்டு உண்கிறது. வெயிலும் காற்றும் அதன் மெல்லுடலுக்கு ஆகா. ஆதலின் மண்கூரை வேய்ந்த வழிகளிலேயே நடமாடும்.

ஆகவே, கரணையிலோ நிலக்கடலைக் காயின் ஓட்டிலோ சேதம் கண்டால், முதலில் மண்கூரையைத் தேடுக. அது காணின், பின்வருவன பயன் தரும்: மட்காத எருவை இடாது நன்கு மட்கியதையே இடுதல், பழைய கட்டைகளையும் தட்டைகளையும் அகற்றுதல், நிலம் காய்ந்துபோகாமல் காலத்தில் நீர் பாய்ச்சுதல், வயலருகிலுள்ள புற்றை ஆழத்தோண்டி இராணியை அப்புறப்படுத்தல்.

எறும்பு எப்போதும் நன்மையே செய்யுமென்பதும் இல்லை. அசுவினியின் இனிப்பு நீரை விரும்பி, அப்பூச்சியைக் காத்து நிற்பதும் உண்டு. எனினும் கறையானுக்கு எறும்பைப்போன்ற பகை வேறில்லை. குற்றவாளி இன்னதென அறிந்தபின் மருந்தைத் தொடுவதே குடியானவருக்கு ஆதாயமாம்.